பதினான்காம் பாத்தி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் முதுகுவலி குறைந்ததா? பிள்ளைகளுக்கு இருமல் விட்டதா? இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறார். பிரச்சினையே அதுதான்.

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது, இனி கடிதம் எழுதிக்கொள்ளலாம், எழுதும்போதாவது யோசிப்போம் என்று அம்மா போன பிறகு நீதான் சொன்னாய். சரி, யோசித்தே எழுதுகிறேன். அப்பா என் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமையலறைப் பாத்திரங்களை எல்லாம் இடம் மாற்றி வைக்கிறார். டீத்தூள் டப்பாவைத் தேடியே என் பாதி ஆயுள் போய்விடும் போலிருக்கிறது. ஆறு மாதம் நான், ஆறு மாதம் நீ என்பது பேச்சு. ஜூலையில் உன் முறை. மறந்துவிடாதே.

இதற்கு ஒரு வழி பண்ணலாம் என்று அவரைப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். அதன் கிழக்கு மூலையில் நாங்கள் இருபது பேர் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறோமே, அங்கே. ஆளுக்கு ஒரு பாத்தி, சம்பளம் கிடையாது, ரசாயனம் அறவே கிடையாது. ஞாயிறு காலை எல்லோரும் வட்டமாக நின்று, அந்த வாரம் அவரவர் மண்ணில் என்ன போட்டோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மண்வெட்டிக் கொட்டகையைத் திறப்போம். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் தலைவி, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த இடத்தில் செயலாளர் நான்.

முப்பத்தொரு வருடம் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்த மனுஷனை அங்கே கூட்டிப்போனது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். டீச்சர் முகம் சுண்டிவிட்டது. அப்பா கைகூப்பி, "பயப்படாதீங்கம்மா, வித்தவன்தான், குடிச்சதில்ல" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒருவர் விட்டுப்போன பதினான்காம் பாத்தியைக் கொடுத்தார்கள்.

இன்னொரு சேதி. குதிரையேற்றப் பள்ளியில் நானே பேசி, இரண்டு லாரி குதிரைச் சாணம் இலவசமாக வாங்கிவிட்டேன். இந்த வருடம் எல்லாப் பாத்திக்கும் நான் கொண்டுவந்த உரம்தான். டீச்சரே கை தட்டினார்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மாடிப்படியைக் குறைத்துக்கொள். நாங்கள் எல்லோரும் சுகம். என் முதுகு மட்டும் என்னை மதிப்பதில்லை.

அப்பா தோட்டத்துக்குப் போவது நல்ல யோசனை. எனக்கும் அவரைப் பார்க்க ஆசைதான். ஆனால் எங்கள் வீட்டின் லட்சணம் உனக்குத் தெரியும். இரண்டே அறை, அதில் ஒன்றில் மாமியார் வந்து இருக்கப்போகிறார். மண் பரிசோதனைக் கூடத்திலும் வேலை கழுத்துவரை நிற்கிறது. ஆறு மாதம் என்று நான் சொன்னது வாஸ்தவம். எந்த ஆறு மாதம் என்று சொல்லவில்லையே! கோபப்படாதே, சும்மா தமாஷ்.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 26

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம்தானே? உன் தமாஷைப் படித்து அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும் இன்று நல்ல மனநிலையில் எழுதுகிறேன்.

அப்பா ஆளே மாறிவிட்டார். விடிவதற்குள் தோட்டத்தில் இருக்கிறார், வெயில் ஏறிய பிறகுதான் வீட்டுக்கு வருகிறார். டீத்தூள் டப்பா இருந்த இடத்திலேயே இருக்கிறது. தோட்டத்தில் அவருக்கு 'மருந்துக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் குத்தலாகத்தான் சொன்னார்கள். இப்போது ஒவ்வொருவரும் ஒரு பூச்சியைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்து, இது என்ன என்று அவரிடம்தான் கேட்கிறார்கள். "இவனுங்களைக் கொன்னுதான் உங்களைப் படிக்க வெச்சேன். இப்ப உயிரோட விடறதுக்கு வழி சொல்றேன்" என்று என்னிடம் சொன்னார். ஞாயிறு வட்டத்தில், "முட்டை ஓடு நாலு, டீச்சக்கை ஒரு டம்ளர், வேற ஒண்ணும் இல்ல, சத்தியமா" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறார்.

அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஜூலையில் நீ அழைத்துப் போக வேண்டாம். அந்தப் பாத்தியை விட்டு அவர் வரவும் மாட்டார். அது ஒன்று இருக்கும்வரை எனக்கும் பாரமில்லை, உனக்கும் பாரமில்லை.

பிள்ளைகளுக்கு முத்தம்.

அக்கா


ஜூன் 1

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கக்கூட மனசு இல்லை. நீங்கள் நன்றாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

தோட்டம் போய்விட்டது. தக்காளி இலைகள் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிட்டன. அவரைக்கொடி நுனியெல்லாம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இருபது பாத்தியிலும் இதே கதி. சோளத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. யாரோ களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள் என்று டீச்சர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். விடியற்காலையில் மருந்துக்காரர் கையில் தெளிப்பான் இருந்ததைப் பார்த்தேன் என்று பேக்கரிக்காரர் சொல்கிறார். பதின்மூன்றாம் பாத்தி அவருடையது.

அப்பாவைக் கேட்டேன். அசுவினிப் பூச்சிக்குச் சோப்புத் தண்ணீர் அடித்தேன் என்கிறார். "இது மேலேர்ந்து அடிச்சதில்லம்மா, கீழேர்ந்து வந்தது" என்று ஏதோ விளக்க வந்தார். வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் குளிக்கப் போனபோது பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டு சட்டைக்கு அடியில் அம்மாவின் கண்ணாடி இருந்தது. பாட்டில் எதுவும் இல்லை. கடைக்காரருக்கு ஒளிக்கவா தெரியாது?

அவருடைய பாத்தியிலிருந்து இலை, மண், கொஞ்சம் உரம் மூன்றையும் தனித்தனிப் பையில் அனுப்புகிறேன். உன் கூடத்தில் பார்த்துச் சொல். எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். குற்றம் நிரூபணமானால் பாத்தியைப் பிடுங்கிக்கொள்வார்கள், தோட்டத்துக்குள் கால் வைக்கவும் விடமாட்டார்கள்.

அக்கா


ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

கவலையை விடு. அப்பா மேல் எந்தத் தப்பும் இல்லை.

வேறொருவர் அனுப்பிய மண்ணின் பதிவிலேயே சேர்த்து, மேலாளருக்குத் தெரியாமல் பரிசோதித்தேன். மருந்து இருப்பது உண்மைதான். ஆனால் இலையில் சிறிது, மண்ணில் அதைவிட அதிகம், எல்லாவற்றிலும் அதிகமாக உரத்தில்தான் இருக்கிறது. இது நாங்கள் முன்பே பார்த்த விவகாரம். புல்வெளியில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். அந்தப் புல்லைக் காயவைத்துக் குதிரைக்குப் போடுகிறார்கள். குதிரைக்கு ஒன்றும் ஆவதில்லை, மருந்து வயிற்றில் கரையாமல் அப்படியே சாணத்தில் வந்துவிடுகிறது. சோளம் புல் சாதி, இந்த மருந்து புல்லைத் தொடாது, அதனால் தப்பித்தது. அப்பா கீழேயிருந்து வந்தது என்று சொன்னாரே, கண்ணால் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார். நாங்கள் இதற்கு இயந்திரம் வைத்திருக்கிறோம்.

நீ தெரிந்து செய்யவில்லை, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வரும் ஞாயிறே வட்டத்தில் சொல்லிவிடு. பரிசோதனைத் தாளை இணைத்திருக்கிறேன். என் பெயரை மட்டும் கிழித்துவிடு.

அப்பாவிடம் சொல், பரீட்சையில் பாஸ் என்று.

தம்பி


ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே நல்ல மழை. எனக்குச் சளி பிடித்து விட்டது. உன் மாமியார் சுகமா?

தோட்டத்து விஷயம் ஒருவழியாக முடிந்தது. ஜூன் கடைசி ஞாயிறு வட்டத்தில் டீச்சர் பொதுவாகக் கேட்டபோது, அப்பாவே எழுந்து, "நான்தான் அடிச்சேன், பழைய பழக்கம், மன்னிச்சுக்குங்க" என்று ஒப்புக்கொண்டார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. விதிப்படி பாத்தியை வாங்கிக்கொண்டார்கள். வாசல் பூட்டின் எண்ணை மாற்றியாகிவிட்டது. பேக்கரிக்காரர் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினார். வேறு அசம்பாவிதம் இல்லை.

இப்போது அவர் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறார். பேச்சும் இல்லை. ஆறு மாதம் தாண்டிவிட்டது, உன் முறை வந்துவிட்டது. எந்தத் தேதியில் வருகிறாய் என்று எழுது.

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சளிக்கு ஆவி பிடி. இங்கே அனைவரும் நலம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஜூன் 13ஆம் தேதி நான் எழுதியது கிடைத்ததா என்று கேட்கமாட்டேன். பதிவுத் தபால், கையெழுத்துப் போட்டு நீ வாங்கியிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்திருக்கிறாய், மறைத்தும்விட்டாய். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் நியாயம் பேச வரவில்லை. செயலாளர் பதவி உனக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அதேபோல் என் வீட்டு நிம்மதி எனக்கு முக்கியம். பரிசோதனைத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. நீ முன்பு அனுப்பிய தோட்டத்து நோட்டீசில் டீச்சரின் முகவரியும் இருக்கிறது. நான் அனுப்பப்போவதில்லை. அப்பா உன்னோடு இருக்கட்டும். ஆறு மாதக் கணக்கை இனி எடுக்க வேண்டாம். எல்லோருக்கும் அதுதான் நல்லது என்று படுகிறது.

அப்பாவின் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


செப்டம்பர் 9

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடியே இருக்கட்டும்.

அப்பா நலம். காலையில் என் பையைத் தூக்கிக்கொண்டு பூங்கா வரை வருகிறார். தோட்ட வாசலில் பையைக் கொடுத்துவிட்டு, பூட்டு எண்ணை நான் அழுத்தும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பிறகு கம்பிவேலிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். பதினான்காம் பாத்தியைப் பேக்கரிக்காரர் தன்னுடையதோடு சேர்த்துக்கொண்டார். வேலி வழியாக அப்பா ஒருநாள், "மண்ணை மூணு தடவை கிளறி ஆறப் போடுங்க, விஷம் இறங்கும்" என்று அவரிடம் சொன்னார். நீங்கள் போட்ட விஷத்துக்கு நீங்களே வைத்தியமா என்று அவர் எல்லோர் முன்னும் கேட்டார். அப்பா தலையாட்டினார். நான் ஆறு அடி தள்ளிக் களை பறித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

அக்கா


அக்டோபர் 14

என் அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் குடும்பமும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். கையெழுத்து ஆடுகிறது, பொறுத்துக்கொள். கடை ரசீதைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை.

அன்று வட்டத்தில் நடந்ததை உன் அக்கா உனக்கு எப்படி எழுதினாளோ தெரியாது. நான் தானாக எழுந்திருக்கவில்லை. பேக்கரிக்காரர், "இந்த வருஷம் புதுசா வந்தது குதிரைச் சாணம்தானே? அதைக் கொண்டாந்தது யாரு?" என்று கேட்டார். மனுஷன் முரடன், ஆனால் மூளை இருக்கிறது. எல்லோரும் உன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் வெளுத்துவிட்டது. என் வாய் திறந்துகொண்டது. நான் தியாகி இல்லையப்பா. தெரியாமல் செய்த பிழைக்குப் பெற்ற பெண்ணை ஊர் வாயில் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான். சாணம்தான் காரணம் என்று எனக்குப் பட்டதை அவளிடம் பிறகு சொல்ல நினைத்தேன். சொன்னால் அழுவாள் என்று விட்டுவிட்டேன்.

நேற்று கத்தரிக்கோல் தேடி அவள் மேசை இழுப்பறையைத் திறந்தேன். உன் கடிதங்கள் இருந்தன. பிள்ளை எழுதியதுதானே என்று படித்தேன். ஜூன் மாதக் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். நான் எழுந்து நின்றதற்குப் பதினைந்து நாள் முன்னால் எழுதியிருக்கிறாய். அன்று அவள் முகம் வெளுத்தது தெரியாததனால் இல்லை. அதன் கீழே உன் ஆகஸ்ட் கடிதம் இருந்தது.

நான் வியாபாரி. எவ்வளவோ பேரம் பார்த்திருக்கிறேன். ஒரு சரக்கை எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று இரண்டு பேர் பேரம் பேசி இப்போதுதான் பார்க்கிறேன்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. போய்ப் பேசிவிட்டேன். நாளைக் காலை அங்கே போகிறேன். மாதக் கணக்கு இனி உங்களுக்கு வேண்டாம். முதுகுவலிக்குத் தரையில் படு, மெத்தை ஆகாது.

இப்படிக்கு,
அப்பா


நவம்பர் 3

தம்பிக்கு,

உனக்கு எழுதியிருப்பார். எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. மேசை இழுப்பறையில் உன் கடிதங்கள் பிரித்தபடி கிடந்தன, படித்திருக்கிறார். நான் தோட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். டீத்தூள் டப்பாவைத் துடைத்து, நான் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

போன ஞாயிறு வட்டத்தில் என் முறை வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விஷம் நான் கொண்டுவந்த சாணத்தில் இருந்தது, எனக்கு ஜூனிலேயே தெரியும், அப்பா எனக்காகப் பொய் சொன்னார் என்று சொன்னேன். டீச்சர் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "பெத்தவர் மேல விழுந்த பழியைத் தன் தலையில போட்டுக்கறா பாருங்க. இப்படி ஒரு பொண்ணு யாருக்குக் கிடைக்கும்?" என்றார். கை தட்டினார்கள், தம்பி! பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜம் என்று கத்தினேன். கத்தக் கத்த இன்னும் அதிகமாகத் தேற்றினார்கள். அடுத்த வருடத்துக்கும் செயலாளர் நானே என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள்.

நீ அனுப்பிய தாளை அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டேன். உன் கடிதத்தைக் காட்டினால் தம்பியும் சேர்ந்து எழுதியது என்பார்கள். உன்னிடம் நகல் இருக்கிறதே, உடனே அனுப்பு. காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா


நவம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நகல் என்னிடம் இல்லை. இருந்ததே இல்லை. உன்னைப் பயமுறுத்த அன்றைக்கு அப்படி எழுதினேன். மறுபடி பரிசோதித்தால் மாதிரி யாருடையது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். முன்பு செய்தது தெரிந்தாலே என் வேலை போய்விடும். பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அப்பாவைப் பார்த்தாயா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? அடுத்த மாதம் நேரில் போய்க் கூப்பிடலாம் என்று இருக்கிறேன். மாமியார் அறையை எப்படியாவது காலி செய்துகொள்ளலாம்.

தம்பி


டிசம்பர் 8

தம்பிக்கு,

நேற்று போனேன்.

வாசலில் ஒரு மேசை, பெரிய நோட்டு, ஒரு காவலாளி. பார்க்க வந்தவர் பெயர், உறவு என்று எழுதச் சொன்னார். மகள் என்று எழுதினேன். அவர் ஒரு கோப்பை எடுத்துப் புரட்டிவிட்டு, "அவருக்குப் பிள்ளைங்களே இல்லையேம்மா" என்றார். அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பிள்ளைகள் என்ற கட்டத்தில் அப்பாவின் கையெழுத்தில், இல்லை என்று இருந்தது. எழுத்து ஆடவே இல்லை.

நான் மகள்தான் என்று வாதாடினேன். "சொந்தம்னு சொல்லிக்கிட்டு நெறைய பேர் வர்றாங்கம்மா, கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவாங்க. எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. தெரிஞ்சவங்கன்னா சொல்லுங்க, அரை மணி நேரம் விடறேன்" என்றார். மகள் என்பதை அடித்துவிட்டுத் தெரிந்தவர் என்று எழுதினேன்.

உள்ளே கூடத்தில் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். கன்னம் சற்றுச் சதை போட்டிருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். கடைக்கு வருகிறவர்களிடம் பேசுவாரே, அதே குரல். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். வட்டத்தில் நான் சொன்னதை, யாரும் நம்பாததை, எல்லாம் கொட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு. அந்த மரியாதை உங்களுக்கு வேண்டியிருந்தது" என்றார். கோபமே இல்லை, தம்பி. கோபப்பட்டிருந்தால் காலைப் பிடித்திருப்பேன்.

பக்கத்தில் இருந்தவர், யார் இது என்று கேட்டார்.

"நம்ம கடைக்கு வந்துட்டிருந்தவங்க" என்றார் அப்பா.

பிறகு மணி அடித்தது. சாப்பாட்டுக்கு வரிசையில் போய் நின்றுகொண்டார், திரும்பிப் பார்க்கவில்லை. உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

போவதாக இருந்தால் மாலை நான்கு மணிக்குள் போ. உறவு என்ற இடத்தில் தெரிந்தவர் என்று எழுது. மகன் என்று எழுதினால் விடமாட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா